பயண முகவர் யாருடைய முகவர்?

சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படுவது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி, அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் செல்லும் பயணத்தை மத்திய அமைச்சர் சர்வானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி மும்பையில் 'குரூஸ் பாரத்' இயக்கம் அறிவிக்கப்பட்டது. கடல்வழிச் சொகுசுப் பயணிகளின் எண்ணிக்கையை 2029-ஆம் ஆண்டுக்குள் இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. 2025 செப்டம்பரில் மும்பையில் பன்னாட்டுக் கப்பல் பயணிகள் முனையமும் திறக்கப்பட்டுவிட்டது.

முனையம், இறங்குதளம், வரிச்சலுகை என்று அரசின் கவனம் விற்பவர் பக்கம் குவிந்திருக்கிறது. வாங்குபவர் யார்? பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்கள். ஓய்வுக்காலப் பணப்பயனில் ஒரு பகுதியை எடுத்து, வாழ்நாளில் ஒருமுறை என்று எண்ணிச் செலவிடும் தம்பதியர். சிங்கப்பூரிலோ சியாட்டிலிலோ வசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது, அங்கிருந்து ஒரு கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளும் பெற்றோர். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: முகவரிடம் போவதா, நாமே இணையத்தில் பதிவு செய்துகொள்வதா? ஓய்வுபெற்றோர் கூடும் இடங்களில், மருத்துவக் காப்பீட்டுக்கு அடுத்தபடியாக இப்போது இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் எதிர்கொள்கிறேன்.

இக்கேள்விக்குத் தரப்படும் விடைகள் பெரும்பாலும் விலையைப் பற்றியே பேசுகின்றன. எது மலிவு என்பதே விவாதம். என் கருத்தில் விலை இங்கு இரண்டாம்பட்சம். ஏதேனும் தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு, அவரை எங்கே பிடிப்பது என்பதே முதன்மையானது. அதற்குமுன் விலையைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவது நல்லது.

இடைத்தரகரை நீக்கினால் விலை குறையும் என்பது நமக்கு ஊறிப்போன நம்பிக்கை. அதற்கு நியாயமும் உண்டு. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, கத்தரிக்காய் விலையில் அந்த நியாயத்தை நாம் கண்கூடாகக் கண்டோம். உழவர் சந்தையில் தரகரின் பங்கை உழவரும் நுகர்வோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். கப்பல் பயணச் சந்தை அப்படி இயங்குவதில்லை. தன் இணையதளத்தில் என்ன விலையோ, ஏறத்தாழ அதே விலையில்தான் முகவரும் விற்க வேண்டும் என்று கப்பல் நிறுவனங்கள் விரும்புகின்றன. தமக்குக் கிடைக்கும் கமிஷனிலிருந்து ஒரு பகுதியைத் தள்ளுபடியாகத் தருவதாக முகவர்கள் விளம்பரம் செய்வதற்கு, பெரிய அமெரிக்க நிறுவனங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே தடை விதித்துவிட்டன. எனவே, நீங்கள் முகவரைத் தவிர்த்தால் அவருடைய கமிஷன் உங்கள் பைக்கு வருவதில்லை. அது கப்பல் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது.

அந்தக் கமிஷன் எவ்வளவு? கட்டணத்தில் பொதுவாக 10 முதல் 16 விழுக்காடு வரை. துறைமுகக் கட்டணம், வரி, நிறுவனம் ஒதுக்கிவைக்கும் வேறு சில இனங்கள் ஆகியவற்றுக்குக் கமிஷன் கிடையாது. ஒரு தம்பதியின் பயணச்சீட்டு இரண்டு லட்சம் ரூபாய், அதில் 40,000 ரூபாய் இத்தகைய இனங்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 1,60,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு என்றால், முகவருக்கு 19,200 ரூபாய். இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

விமானப் பயணத்தில் இந்தக் கமிஷன் மறைந்து வெகுகாலம் ஆகிறது. 1995-இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் முகவர் கமிஷனுக்கு உச்சவரம்பு விதித்தது. 2002-இல் அடிப்படைக் கமிஷனையே நிறுத்தியது. 2008 வாக்கில் இந்திய விமான நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. ஆனால், கப்பல் நிறுவனங்கள் மட்டும் இன்றும் முகவர்களை விடாமல் வைத்திருக்கின்றன. இது அவர்களுடைய பெருந்தன்மையன்று. விமான இருக்கை எளிய பண்டம். ஜன்னலோரமா நடுவிலா என்பதோடு தேர்வு முடிந்துவிடுகிறது. கப்பல் அறை அப்படியன்று. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலுக்கு 20 தளங்கள். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். உள்ளறை, கடல் பார்த்த அறை, மாடமுள்ள அறை என்று வகைகள் விரிகின்றன. நடன அரங்குக்கு நேர்மேலே உள்ள அறை எது, மின்தூக்கியிலிருந்து தொலைவில் உள்ளது எது, மாடத்தின் முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கிக் காட்சியை மறைக்கும் அறை எது என்று முதன்முறை போகிறவருக்குத் தெரியாது. கப்பல் புறப்பட்டுவிட்டால் காலி அறைக்கு மதிப்பு சுழியம். ஆகவே, தயங்கி நிற்கும் புதியவரைப் பேசி இணங்கவைத்து அறையை நிரப்பித்தர ஓர் ஆள் தேவைப்படுகிறார். அவருக்குத் தரும் கூலியே கமிஷன்.

இங்குதான் பொருளியல் ஆசிரியனுக்குப் பழக்கமான ஒரு சிக்கல் எழுகிறது. ஒருவருடைய வேலையை இன்னொருவர் செய்யும்போது, செய்பவரின் நலனும் செய்விப்பவரின் நலனும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வி அது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் வீட்டுத் தரகர்களைப் பற்றிச் செய்த ஆய்வை வகுப்பில் மேற்கோள் காட்டாத ஆண்டே எனக்கு இருந்ததில்லை. 2008-இல் வெளியான அந்த ஆய்வின்படி, தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது வாடிக்கையாளரின் வீட்டைவிட ஏறத்தாழ 3.7 விழுக்காடு கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அதற்காக சுமார் பத்து நாள் கூடுதலாகக் காத்திருக்கவும் செய்கிறார்கள். பிறர் வீடு என்றால், வந்த விலைக்கு விற்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைத் தீயவர்கள் என்று சொல்வதற்கில்லை. கூடுதல் விலையில் அவர்களுக்கு வரும் பங்கு அற்பம். காத்திருப்பதன் சுமையோ முழுமையாக அவர்களுடையது.

இப்போது நமது 19,200 ரூபாய்க்கு வருவோம். நீங்கள் பதிவு செய்த பிறகு அந்த அறையின் கட்டணம் 20,000 ரூபாய் குறைகிறது. பல நிறுவனங்கள், இறுதித் தவணை செலுத்தும் நாளுக்கு முன்பாகக் கேட்டால் குறைந்த கட்டணத்துக்கு மாற்றித் தருகின்றன. கேட்டால் மட்டுமே! உங்களுக்கு மிச்சம் 20,000 ரூபாய். முகவருக்கோ 2,400 ரூபாய் கமிஷன் இழப்பு, அத்துடன் தொலைபேசியில் ஒரு மணி நேரம். அவர் நாள்தோறும் கட்டணத்தைக் கண்காணித்து உங்களுக்குத் தகவல் சொல்வார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பிடம் சற்று அதிகம் கேட்பதாகும். சொல்கிற முகவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை.

அவர் பேசாமல் விட்டுவிடக்கூடிய இன்னொன்றும் உண்டு. பெரிய கப்பல் நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கப்பலில் ஏறிய பிறகு நாம் செய்யும் செலவிலிருந்து வருகிறது. மது, சூதாட்டம், சிறப்பு உணவகம், இணைய இணைப்பு, கரைச் சுற்றுலா. இவை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் பணியாளர் அன்பளிப்பு என்ற பெயரில் ஒரு தொகை காத்திருக்கிறது. அமெரிக்க நிறுவனங்களில் அது நாளொன்றுக்கு ஆளுக்குச் சுமார் 15 முதல் 20 டாலர். ஏழு இரவுப் பயணத்துக்கு ஒரு தம்பதிக்கு 210 முதல் 280 டாலர். விளம்பரத்தில் பெரிதாகக் காணும் கட்டணத்தில் இது சேர்ந்திருப்பது அரிது. தாமாகவே இதை எடுத்துச் சொல்கிற முகவர் ஒருவர் கிடைத்தால் அவருடைய நேர்மைக்கு அதுவே முதல் சான்று என்று கொள்ளலாம்.

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகள் பலர் 'காஸ்ட்கோ வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம்' என்பார்கள். பேரங்காடி நிறுவனமே அங்கு பயண முகவராகவும் இருக்கிறது. பயணம் முடிந்ததும் அங்காடியில் செலவிடத்தக்க ஓர் அட்டையைத் தருகிறது. கமிஷனின் ஒரு பகுதி வேறு உருவில் திரும்பி வருகிறது, அவ்வளவே. நம்மூர் முகவரிடமும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. ஆனால், கப்பலில் செலவிடத்தக்க வரவு, விமான நிலையத்திலிருந்து துறைமுகம் செல்ல வண்டி என்று ஏதேனும் கேட்டுப் பெறலாம். கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

இனி, பொறுப்பு என்ற முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். பயண முகவர் யாருடைய முகவர்? அவருக்குக் கூலி தருவது கப்பல் நிறுவனம். ஆகவே அவர் நிறுவனத்தின் ஆள், அவர் சொன்ன சொல்லுக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டும் என்று நாம் நினைப்போம். உலகின் மிகப் பெரிய கப்பல் பயண நிறுவனமான கார்னிவலின் பயணச்சீட்டு ஒப்பந்தமோ நேர்மாறாகச் சொல்கிறது. முகவர் எல்லா வகையிலும் பயணியின் முகவரே. அவர் அளித்த வாக்குறுதிகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது. அவருடைய நிதிநிலைக்கும் நேர்மைக்கும் நிறுவனம் பொறுப்பன்று. கூலி கொடுப்பவர் ஒருவர், சட்டப்படி எசமானர் மற்றொருவர். அந்த எசமானர் நீங்கள்தான் என்பது பெரும்பாலும் உங்களுக்கே தெரியாது.

இந்த ஒப்பந்தங்களின் வலிமைக்கு அமெரிக்க உச்சநீதிமன்றமே முத்திரை குத்தியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷூட் தம்பதி, ஆர்லிங்டன் என்னும் ஊரில் உள்ள ஒரு பயண முகவர் வழியாகக் கார்னிவல் கப்பலில் இடம் பதிவு செய்தார்கள். பணம் மயாமிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பயணச்சீட்டு அவர்கள் கைக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மெக்சிகோவுக்குச் சென்ற அக்கப்பலின் சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது திருமதி ஷூட் வழுக்கி விழுந்தார். தங்கள் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 'எந்த வழக்கானாலும் ஃபுளோரிடா மாநில நீதிமன்றங்களில்தான்' என்று சீட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை நிறுவனம் எடுத்துக்காட்டியது. 1991-இல் உச்சநீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்காடும் இடத்தைக் கட்டுப்படுத்துவதால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவு, குறைந்த கட்டணமாகப் பயணிகளுக்கே திரும்பும் என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் சீட்டை எத்தனை பேர் படிக்க முடியும் என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ் கேட்டார். விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்கள் ஆளும் ஒரு சந்தையில், மிச்சமான செலவு பயணிக்குத் திரும்பும் என்பதை நான் எளிதில் ஏற்க மாட்டேன்.

ஆர்லிங்டன்வாசிகளுக்கே மயாமி தொலைவு என்றால், ஆரணிவாசியின் நிலை என்ன? இணையத்தில் நேரடியாகப் பதிவு செய்யும்போது, 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தைச் சொடுக்கும் கணத்தில், நீங்கள் அயல்நாட்டு நிறுவனத்துடன் அயல்நாட்டுச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் செய்துகொள்கிறீர்கள். நமது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையை அளித்திருக்கிறது. மிக நல்ல திருத்தம் அது. ஆனால், திருவண்ணாமலை மாவட்ட ஆணையம் தரும் தீர்ப்பை, இந்தியாவில் அலுவலகமே இல்லாத ஒரு நிறுவனத்திடம் எப்படி நிறைவேற்றுவது? அதே பயணத்தை உள்ளூர் முகவரிடம் வாங்கியிருந்தால், ரசீது அவர் பெயரில் இருக்கும். கடை இங்கே இருக்கும். சேவைக் குறைபாட்டுக்கு அவரைப் பொறுப்பாக்க முடியும். கமிஷன் வழியாக நாம் மறைமுகமாகச் செலுத்தும் அந்த 19,200 ரூபாய்க்கு ஈடாகப் பெறக்கூடிய உண்மையான பொருள், எளிதில் அணுகத்தக்க ஒரு பொறுப்பாளி. தகவல் அன்று. தகவலை இன்று கைப்பேசியே தந்துவிடுகிறது.

ஆனால், அந்தப் பொறுப்பாளியே திவாலாகிவிட்டால்? 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் வீழ்ந்தது. (இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் வேறு, அதற்கு அப்போதே தொடர்பில்லை.) வெளிநாடுகளில் சிக்கியிருந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிரிட்டானியரை அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் தாயகம் அழைத்துவந்தது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கும், தொகுப்புச் சுற்றுலாவுக்கான சட்டப் பாதுகாப்பின்கீழ் பணம் திரும்பக் கிடைத்தது. விற்பவர் திவாலானாலும் பயணியின் பணத்துக்குக் காப்பு இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 1990-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டன. அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றும் ஐம்பதோ அதற்கு மேலோ படுக்கைகள் கொண்ட கப்பல்கள், பயணம் நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தருவதற்கான நிதிப் பிணையை அந்நாட்டுக் கடல்வணிக ஆணையத்திடம் காட்ட வேண்டும் என்ற சட்டம் 1966 முதல் இருக்கிறது.

அதே 2019-இல், 1758-ஆம் ஆண்டு வரை தன் வரலாற்றைப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்ட 'காக்ஸ் அண்ட் கிங்ஸ்' இந்தியாவில் கடன் தவணை தவறி, சில மாதங்களில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. இங்கு பயணிகளின் முன்பணத்துக்குத் தனிக் காப்பு எதுவும் இல்லை. திவால் சட்டத்தின் வரிசையில், பிணையுடன் கடன் தந்த வங்கிகளுக்குப் பின்னால்தான் பயணிக்கு இடம். கப்பல் நிறுவனங்களின் கதையும் அதுதான். 2019 ஏப்ரலில் மும்பையிலிருந்து ஆரவாரமாகத் தொடங்கிய 'ஜலேஷ்' நிறுவனம், அடுத்த ஆண்டு அக்டோபரில் கடையைக் கட்டியது. அதன் 'கர்ணிகா' கப்பல் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைப்புக்குப் போனது. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் சென்று பலர் ஏறிய 'ட்ரீம் குரூஸஸ்', அதன் தாய் நிறுவனமான கெண்டிங் ஹாங்காங்கின் வீழ்ச்சியோடு 2022-இல் முடிவுக்கு வந்தது. ஆகவே, நேரடியாகக் கப்பல் நிறுவனத்திடமே கட்டினால் பணம் பத்திரம் என்பதும் முழு உண்மையன்று.

இடையில் ஒருவர் இருக்கும்போது பணம் திரும்பி வருகிற பாதை நீளும் என்பதையும் கரோனா காலம் காட்டிவிட்டது. பொதுமுடக்கத்தால் ரத்தான விமானச் சீட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பித் தர 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. முகவர் வழியே வாங்கிய சீட்டுக்குப் பணமும் முகவர் வழியேதான் வரவேண்டும். 2024 ஜூனில் கூட, ஓர் இணையவழிப் பயண நிறுவனத்திடம் 4,837 பதிவுகளுக்கான 2.52 கோடி ரூபாய் பயணிகளுக்குத் திரும்பாமல் இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு உத்தரவு பிறப்பிக்க வேண்டியிருந்தது. முடக்கம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகு!

அப்படியானால் முடிவெடுப்பது எப்படி? பயணத்தின் சிக்கலைப் பொறுத்தது என்பதே என் விடை. சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ புறப்பட்டு, இந்தியக் கடலோரத்தில் மூன்று நாள் சுற்றி அதே இடத்துக்குத் திரும்பும் பயணத்துக்கு முகவர் தேவையில்லை. விற்பவர் இந்திய நிறுவனம், கட்டணம் ரூபாயில், விசா கிடையாது. நேரடியாகவே பதிவு செய்துகொள்ளலாம். அறிவித்த துறைமுகத்தில் கப்பல் நிற்காமல் போனாலும் பெரிதாகக் கேட்க முடியாது என்பதை மட்டும் அறிந்திருக்க வேண்டும். 2022-இல் சென்னையிலிருந்து சென்ற கப்பலுக்குப் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. வழித்தடத்தை மாற்றும் உரிமையை எல்லாக் கப்பல் நிறுவனங்களும் ஒப்பந்தத்தில் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன.

வெளிநாட்டிலிருந்து புறப்படும் கப்பல் என்றால் நிலைமை முற்றிலும் வேறு. எடுத்துக்காட்டாக, சியாட்டிலில் உள்ள மகன் வீட்டுக்குச் செல்லும் பெற்றோருக்கு அலாஸ்கா கப்பல் பயணம் மிகவும் பிடித்தமானது. சியாட்டில் அமெரிக்கா, அலாஸ்காவும் அமெரிக்கா. எனவே அமெரிக்க விசா போதும் என்றே தோன்றும். ஆனால், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அயல்நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதை 1886-ஆம் ஆண்டின் சட்டமொன்று தடுக்கிறது. அந்த விதிக்காகவே இக்கப்பல்கள் கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் ஒரு மாலை நேரம் நின்று போகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கனடா விசா பெற்றிருக்க வேண்டும். மகனிடம் நிரந்தரக் குடியுரிமை அட்டை இருக்கலாம்; அவருக்கு வேண்டியதில்லை. பெற்றோருக்கு வேண்டும். இணையதளம் இதைத் தேடிவந்து சொல்லாது. உரிய ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். ஆவணம் இல்லாதவரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது. கிரேக்கத்தில் ஏறித் துருக்கியின் குசாடசியைப் பார்த்துவிட்டு மீண்டும் கிரேக்கம் வருபவருக்கு, ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா போதாது என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

முழங்கால் வலியுள்ளவர்கள், சக்கர நாற்காலியில் செல்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று. எல்லாத் துறைமுகங்களிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. சில இடங்களில் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் பயணிகளைக் கரை சேர்ப்பார்கள். ஆடும் படகில் இறங்க முடியாதவர் கப்பலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எந்தெந்த ஊரில் அப்படி என்று தெரிந்த முகவர், அதற்கேற்ற வழித்தடத்தைத் தேர்ந்து தருவார். இத்தகைய இடங்களில் அவர் பெறும் கமிஷன் அவர் உழைத்துச் சம்பாதித்ததே.

முகவர் வழியே செல்வதால் வரும் வரிச் சுமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020 அக்டோபர் முதல், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்கும் இந்திய முகவர், வாங்குபவரிடம் வருமான வரியின் ஒரு பகுதியை விற்பனையின்போதே வசூலித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். அதன் விகிதம் நிதிநிலை அறிக்கைதோறும் ஏறி இறங்கி வருகிறது; இடையில் பெருந்தொகைகளுக்கு 20 விழுக்காடு வரை சென்றது. இது செலவன்று, வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளத்தக்கதே. ஆனால், வரிவரம்புக்குக் கீழே உள்ள ஓய்வூதியர் இதற்காகவே கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள்.

தீமைகளைச் சொல்லிக்கொண்டே போனாலும், நான் முகவர்களுக்கு எதிரானவன் அல்லன். பொருளின் தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் நல்ல பொருளும் மதிப்பிழக்கும் என்று 1970-இல் எழுதிப் பின்னர் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஏகர்லாஃப், அதற்கு மாற்றாக அமையும் ஏற்பாடுகளுள் ஒன்றாக நற்பெயரையும் குறிப்பிடுகிறார். மதுரையிலோ மயிலாப்பூரிலோ முப்பது ஆண்டுகளாக ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர், உங்களை ஏமாற்றினால் உங்கள் சம்பந்தி வீட்டு வியாபாரத்தையும் இழப்பார். இணையத்தில் நேற்று முளைத்து, பாதி விலைக்குக் கப்பல் காட்டுகிற பெயருக்கு அந்த அச்சம் இல்லை.

அரசு செய்யக்கூடியதும் கடினமானதன்று. இந்தியாவில் பயண முகவர்களுக்குச் சுற்றுலா அமைச்சகம் தரும் அங்கீகாரம் விருப்பத்தின்பேரில் பெறுவது. அது இல்லாமலும் யாரும் கடை திறக்கலாம், லட்சக்கணக்கில் முன்பணம் வாங்கலாம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீடு வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. தரகர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. மனை வாங்குபவருக்குத் தந்த இந்தப் பாதுகாப்பைப் பயணச்சீட்டு வாங்குபவருக்கு மறுப்பதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் திட்டத்தில், அவர்களுடைய முன்பணத்தை நம்பிக்கைக் கணக்கில் வைக்கும் ஒரு விதியையும் சேர்த்திருக்கலாம். இந்தியத் துறைமுகங்களிலிருந்து பயணிகளை ஏற்றும் கப்பல்களிடம், அமெரிக்கா கேட்பது போல நிதிப் பிணையும் கேட்கலாம். 'குரூஸ் பாரத்' அதற்கு நல்ல வாய்ப்பு. 2029-க்கு இன்னும் காலம் இருக்கிறது.

அதுவரை வாங்குபவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். முன்பணம் கட்டிய ஓரிரு நாளில், முகவர் தரும் சொந்த ரசீதோடு நிறைவடையாமல், கப்பல் நிறுவனம் வழங்கும் பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ளிட்டு, உங்கள் பெயரும் அறை எண்ணும் வருகின்றனவா, கட்டிய தொகை வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுதித் தவணை பெரும்பாலும் புறப்படுவதற்கு 75 முதல் 90 நாள்களுக்கு முன் வரும். அதுவே பெரிய தொகை. அதை முகவரின் கணக்குக்கு அனுப்பாமல், உங்கள் கடன் அட்டையிலிருந்து கப்பல் நிறுவனமே எடுத்துக்கொள்ளும்படி செய்ய இயலுமா என்று கேளுங்கள். அட்டைக்கான அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டு, மூன்று விழுக்காடு கூடும்; சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிடும் வாய்ப்பு அதற்கு ஈடு. பயணக் காப்பீட்டை முகவர் நீட்டுவதை அப்படியே வாங்காமல், ஏற்கெனவே உள்ள நோய்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒன்றைத் தனியாகத் தேடுங்கள். அவருக்கு அதிலும் கமிஷன் உண்டு. ரத்து செய்தால் எந்தத் தேதியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை, கப்பல் நிறுவனத்தின் பிடித்தம் வேறு, முகவரின் பிடித்தம் வேறு என்று பிரித்து, எழுத்தில் கேளுங்கள். நல்ல முகவர் இவற்றுக்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். பதிவெண்ணைக் கேட்ட மாத்திரத்தில் 'சீட்டு வந்ததும் தருகிறோம்' என்று சொல்பவரிடம் இரண்டாவது தவணையைக் கட்டாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915.